யாகப்பன் பெட்டி

2023 மார்ச் 10. 260. 931. 866.
2023 ஆகஸ்ட் 2. 210. 978. 911.
2023 டிசம்பர் 19. 180. 1,012. 949.
2024 ஏப்ரல் 8. 250. 902. 836.
2024 ஜூன் 24. 240. 871. 869.
2024 ஜூலை 1. 210. 912. 915.
2024 ஜூலை 9. 210. 914.

யாகப்பனின் பதினோராவது நோட்டில் இருக்கும் வரிகளில் சில இவை. முதலில் தேதி. அடுத்த எண், அன்று விமானம் எத்தனை நூறு அடி உயரத்தில் பறக்க வேண்டும் என்று அவர் குறித்துக் கொடுத்தது. 260 என்றால் இருபத்தாறாயிரம் அடி. மூன்றாவது, போய்ச் சேர எத்தனை பவுண்டு எரிபொருள் செலவாகும் என்று அவர் போட்ட கணக்கு. நான்காவது, உண்மையில் செலவானது. கடைசி வரிக்கு நான்காவது எண் கிடையாது.

யாகப்பன் ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் 1962 ஜனவரி 14 அன்று பிறந்தார். பத்தொன்பது வயதில் விமானப்படையில் வானிலைப் பிரிவில் சேர்ந்தார். இருபது வருடம் அவருடைய வேலை, காலையும் மாலையும் பலூன் பறக்கவிட்டு, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து, மேலே காற்று எப்படி வீசுகிறது என்பதை எழுதிவைப்பது. தாம்பரத்தில் ஓய்வு பெற்றார். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பாதைக்குக் கிழக்கே இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டு மனைவி கிளாராவோடு குடியேறினார். பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு சரக்கு விமான அலுவலகத்தில் வேலை. 2013 ஜூன் மாதம் ஒரகடத்தில் கியர் உறுப்புகள் செய்யும் ஒரு கம்பெனி, விமானப் பயணங்களுக்குத் திட்டம் போட அவரை எடுத்துக்கொண்டது.

கியர் கம்பெனிக்கு விமானத் திட்டக்காரர் எதற்கு என்று ஷேர் ஆட்டோவில் கூட வருகிறவர்கள் கேட்பார்கள். கம்பெனிக்குப் புனேயில் ஒரு தொழிற்சாலை, ஒரகடத்தில் ஒன்று. அங்கே செய்கிற சில உறுப்புகள் இங்கே வந்தால்தான் உற்பத்தி லைன் ஓடும். லாரி வழியில் படுத்துவிட்டால் லைன் நிற்கும். லைன் நின்றால் கார் கம்பெனியின் லைனும் நிற்கும். அதற்காகவே கம்பெனி ஒற்றை எஞ்சின் டர்போபிராப் விமானம் ஒன்றை மீனம்பாக்கத்தில் வைத்திருந்தது. ஒரு விமானி. முப்பது கிலோ பெட்டிகளாக உறுப்புகள். திட்டம் போட யாகப்பன். அவருடைய மேசை ஒரகடத்தில் பொருள் கிடங்கின் மாடியில் இருந்தது.

மேலே போகப் போகக் காற்று மெலியும், எரிபொருள் மிச்சமாகும் என்பது பொது விதி. ஆனால் மேலே ஏறுவதற்கே நிறைய எரியும். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு எவ்வளவு உயரம் ஏறினால் கட்டுப்படியாகும் என்பது காற்றைப் பொறுத்தது. டிசம்பரில் புனேக்குப் போகும்போது இருபத்தாறாயிரம் அடியில் எதிர்காற்று முகத்தில் அறையும். பதினெட்டாயிரத்தில் அதில் பாதி. கிழக்கே போனால் ஒற்றைப்படை ஆயிரம், மேற்கே போனால் இரட்டைப்படை ஆயிரம் என்பது எல்லோருக்கும் பொதுவான சாலை விதி. அதற்குள் நின்று, காற்றும் வெப்பமும் எடையும் பார்த்து, ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பார் யாகப்பன். காலையில் ஒரு தடவை போடுவார். பென்சிலை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து போடுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் அனுப்புவார்.

அந்தக் கணக்கில் அவர் தெரிந்தே ஒரு பொய் வைத்திருந்தார். விமானத்தோடு வந்த புத்தகத்தில் ஏறுவதற்கான அட்டவணை வெப்பத்துக்கு ஒரு பத்தியாக இருக்கும். வெயில் கூடினால் எஞ்சின் திணறும், ஏற நேரமாகும், அதிகமாக எரியும். மீனம்பாக்கத்தில் தரையில் நாற்பது டிகிரி அடித்தாலும் பத்தாயிரம் அடிக்கு மேலே அந்தக் கூடுதல் வெப்பம் பாதியாகிவிடும் என்பது பலூன் விட்ட யாகப்பனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், தரை வெயிலே உச்சி வரை இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டார். மேலே பறக்கும் நேரத்துக்கும் கொஞ்சம் கூட்டி வைத்தார். எல்லாம் சேர்ந்து அறுபது எழுபது பவுண்டு கூடுதலாக வரும். யாரிடமும் சொல்லவில்லை. வானத்தில் ஒரு மனிதன் தனியாகப் போகிறான், அவன் கையில் கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று நினைத்தார்.

கேப்டன் சங்கரநாராயணன் 2015இல் வேலைக்குச் சேர்ந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். அப்போது முப்பத்தைந்து வயது. சேர்ந்த நான்காவது மாதம் யாகப்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடப்படாது."

"கேளுங்க கேப்டன்."

"ஒவ்வொரு தடவையும் நீங்க சொன்னதுக்கு மேல முப்பது கிலோ மிச்சத்தோட இறங்குதேன். சரியா ஒரு பெட்டி எடை. என்ன, கணக்குக்குள்ள பெட்டிய ஒளிச்சு வச்சிருக்கியளா?"

"அது பெட்டி இல்ல கேப்டன். வெயிலு."

"வெயிலா?"

"மேல போனா குளுந்துடும்னு புக்குல போட்டுக்கீது. நான் அதை நம்பறதில்ல. உச்சி வரைக்கும் இதே வெயிலுதான்னு வச்சி போட்டுட்டேன்."

கேப்டன் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "சரியாப் போச்சு போங்க! எங்க மதினியும் இப்படித்தான். நாலு பேரு விருந்துக்கு வாராங்கன்னா பத்து பேருக்கு ஒல வைப்பா. மிஞ்சினத நாங்க ரெண்டு நாளைக்குத் திங்கணும்."

"மிஞ்சினா தின்னலாம். பத்தலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"நியாயந்தான்" என்றார் கேப்டன்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ஆனால் லைன் நிற்கப் போகிறது, இன்னும் ஒரு பெட்டி ஏற்றுங்கள் என்று புனேயிலிருந்து நெருக்கும் நாட்களில், கேப்டன் எரிபொருளில் முப்பது கிலோவுக்குச் சமமான அறுபத்தாறு பவுண்டைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு பெட்டியை ஏற்றினார். எவ்வளவு நிரப்புவது என்பது கடைசியில் விமானியின் கையெழுத்துதான். அந்தக் கூடுதல் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் 'யாகப்பன் பெட்டி'. ஏற்றப் போகும் அன்று போனில் "பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்பார். யாகப்பனுக்கு விஷயம் விளங்கிவிடும். ஒருவர் சொல்லாமல் வைத்தார், ஒருவர் சொல்லாமல் எடுத்தார். ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று. நோட்டுகளின்படி அந்த ஒன்பது வருடத்தில் 1,146 பயணங்கள். மிச்சம் மிகக் குறைந்தது 58, மிக அதிகம் 74.

2024 மார்ச்சில் சக்திகுமார் என்பவர் புதிய மேலாளராக வந்தார். முப்பத்தொரு வயது, விருதுநகர்ப் பக்கம். கெட்டவரில்லை. மே மாதம் யாகப்பனைத் தன் அறைக்கு அழைத்துத் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒட்டாமல் ஓடின.

"மேல இருக்கிறது உங்க ப்ளான் சார். கீழ இருக்கிறது ஆக்சுவல். பதினோரு வருஷமா ஏழு பர்சன்ட் தப்பு."

"தப்பு இல்ல சார்."

"ரெண்டும் ஒண்ணா இல்லேன்னா அது தப்புதானே சார்? ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு பெட்டி இடம் வேஸ்ட். நீங்க இவ்வளவு கரெக்டான ஆளு. எனக்கே ஆச்சரியமா இருக்கு."

அந்த இடத்தைக் கேப்டன் ஏற்கெனவே நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். அது கேப்டனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று யாகப்பன் வாயை மூடிக்கொண்டார். காரணம் அது மட்டுமில்லை. 'கரெக்டான ஆளு' என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தனக்குச் சரியாகப் போடத் தெரியாமலா பொய் வைத்தோம் என்று வீடு வரும் வழியெல்லாம் குமைந்தார். அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

பதினாறு நாள் உட்கார்ந்தார். ஐயாயிரம் அடிக்கு ஒரு படியாக, படிக்கு ஒரு வெப்பமாக, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அட்டவணைகளைப் புதிதாகப் போட்டார். ஒளித்ததை எல்லாம் எடுத்தார். 2024 ஜூன் 17, திங்கட்கிழமை முதல் புதிய அட்டவணை. அதற்கான சுற்றறிக்கையும் அவரே எழுதினார்: 'இதுவரை இருந்த கூடுதல் நீக்கப்பட்டது. இனித் திட்டத்தில் உள்ள எண்ணே உண்மையான எண்.'

கேப்டன் அப்போது ஊரில் இல்லை. அம்மாவின் கண் அறுவைக்காக ஜூன் 10 முதல் ஜூலை 7 வரை விடுப்பு எடுத்திருந்தார். அந்த நாட்களில் பெங்களூரிலிருந்து தற்காலிகமாக வந்த ஒரு விமானி ஓட்டினார். ஜூன் 24 பயணத்தில் வித்தியாசம் இரண்டே பவுண்டு.

அன்று மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிளாரா கேட்டார்: "இன்னாங்க, பரிசு வுழுந்தவன் மாதிரி சிரிச்சிகினு வர்றீங்க?"

"ரெண்டு பவுண்டு, கிளாரா. ஐந்நூறு மைலு போய்ட்டு, ரெண்டே ரெண்டு பவுண்டு வித்தியாசம்."

"அதுக்கு சம்பளத்துல எதுனா சேத்துக் குடுப்பாங்களா?"

"ஒனக்கு சொன்னா புரியாது."

"எனக்கு வாணாம். புரியிற ஆளு ஊர்லேந்து வரட்டும், அவர் கையில சொல்லுங்க" என்றார் கிளாரா. அவர் சொன்னது கேப்டனைத்தான்.

யாகப்பனும் அதற்குத்தான் காத்திருந்தார். இந்தக் கணக்கின் அருமை தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான்.

ஜூலை 8 காலை கேப்டன் வேலைக்குத் திரும்பினார். அவர் இல்லாத நான்கு வாரத்தில் பதினான்கு சுற்றறிக்கைகள் சேர்ந்திருந்தன: சாப்பாட்டுக்கூட நேர மாற்றம், அடையாள அட்டையின் நிறம், பேருந்து நிற்குமிடம், இன்னும் இது போன்றவை, நடுவே யாகப்பனுடையதும். ஒவ்வொன்றின் அடியிலும் 'படித்தேன்' என்று ஒரு பொத்தான். பதினான்கையும் அவர் 7 மணி 12 நிமிடத்துக்கும் 7 மணி 13 நிமிடத்துக்கும் இடையில் அழுத்தினார் என்பது பிற்பாடு விசாரணையில் தெரியவந்தது. யாகப்பனின் திரையில் கேப்டன் பெயருக்கு எதிரே பச்சைக் குறி வந்தது. அதைப் பார்த்து, அவர் படித்துவிட்டார் என்று யாகப்பன் நம்பினார்.

மறுநாள் ஜூலை 9. காலையில் கேப்டன் புனேக்குப் போனார். வழியில் மேகங்களைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால், இறங்கும்போது வழக்கமான மிச்சம் இல்லாதது அவருக்கு வித்தியாசமாகப் படவில்லை. மாலை ஆறு மணிக்கு லைன் நிற்கும் நிலை. மதியம் 1 மணி 6 நிமிடத்துக்குப் புனேயிலிருந்து யாகப்பனைக் கூப்பிட்டார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி பேசினார்கள்.

"அண்ணாச்சி, எரநூத்திப் பத்து போட்டிருக்கிய. மேல போனா கிழக்குக் காத்தா?"

"ஆமா கேப்டன். இந்த மாசத்துல பதினெட்டாயிரத்துக்குக் கீழ மேக்குக் காத்து, நம்மளத் தள்ளிக் குடுக்கும். மேல போகப் போக எதுத்துகினு வரும். ரொம்ப கீழயே வந்தா இஞ்சின் குடிச்சிடும். இருபத்தோராயிரம்தான் ரெண்டுக்கும் நடுவுல."

"நீங்க சொன்னா அப்பீல் ஏது. சாயங்காலம் மெட்ராஸ்ல மழையா?"

"நாலு மணிக்கு மேல இடி இருக்கும். திரும்பற எண் போட்டுக்கீறேன், பாத்துக்குங்க. அம்மா கண்ணு எப்படிக்கீது?"

"தெளிவாத் தெரியுதாம். என்னையப் பாத்துட்டு, ஏலே, இவ்வளவு கறுத்துப் போயிட்டியேங்கா. நான் பொறந்ததுல இருந்தே இந்த நெறந்தான். இப்பத்தான் தெரிஞ்சிருக்கு அவளுக்கு."

இருவரும் சிரித்தார்கள். புது அட்டவணையைப் பற்றி அவரே பேச்செடுப்பார் என்று யாகப்பன் காத்திருந்தார். எடுக்கவில்லை. பதினாறு நாள் உழைத்ததற்கு ஒரு வார்த்தை இல்லையே என்று மனம் சற்றுச் சுணங்கியது. தானாகக் கேட்டு வாங்கக் கூச்சமாக இருந்தது.

"பெட்டி இருவது ஏத்தியே ஆகணும்னு நிக்காவ இங்க" என்றார் கேப்டன். "பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"இறங்கி வாங்க, பேசுவோம்" என்றார் யாகப்பன்.

'பாத்துக்கிடுதேன்' என்ற சொல் அவர் காதில் தெளிவாக விழுந்தது. அதன் பொருள் ஒன்பது வருடமாக அவருக்குத் தெரியும். அந்த விநாடி அது உறைக்கவில்லை. பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் காதில் வேறெதுவும் ஏறவில்லை. இதைப் பிற்பாடு அவர் பலரிடம் பல தடவை சொன்னார். கேட்டவர்கள், அதெல்லாம் ஒன்றுமில்லை, வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாகப்பனின் தாளில் கேப்டனுக்கு இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, கிளம்பும்போது இருக்க வேண்டிய எரிபொருள். இன்னொன்று திரும்பும் எண்: இறங்குமிடத்தில் காத்திருக்கும்போது அளவு அந்த எண்ணுக்கு வந்ததும், காத்திருப்பதை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். இரண்டுக்குள்ளும் முன்பு பெட்டி இருந்தது. இப்போது இல்லை. கேப்டன் பழைய பழக்கத்தில் இரண்டிலிருந்தும் அதைக் கழித்துக்கொண்டார்.

1 மணி 58 நிமிடத்துக்கு இருபது பெட்டிகளோடு, அறுபத்தாறு பவுண்டு குறைவாகக் கிளம்பினார். வழியில் மற்ற விமானங்கள் கடக்க வேண்டியிருந்ததால் இருபத்திரண்டு நிமிடம் பதின்மூன்றாயிரம் அடியிலேயே போக வேண்டியதாயிற்று. சென்னையை நெருங்கும்போது இடி மழை. வட்டமடித்துக் காத்திருந்தார். 4 மணி 19 நிமிடத்துக்குத் திரும்பும் எண்ணான முந்நூறு பவுண்டைத் தொட்டார். அப்போதே கிளம்பியிருந்தால் திருப்பதியில் இறங்கித் தேநீர் குடித்திருக்கலாம். அந்த முந்நூறுக்குள் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது என்று நம்பி, மேலும் ஏழு நிமிடம் காத்திருந்தார். 4 மணி 26 நிமிடத்துக்கு ஓடுபாதை திறந்தது. கடல் பக்கமிருந்து இறங்க வந்தார். மழைத்திரை மறைத்ததில் தரை தெரியவில்லை. மறுபடி மேலெழுந்தார். அதற்குள் காற்று திசை மாறி, மேற்கே சுற்றிவந்து இறங்கச் சொன்னார்கள். சுற்றி வந்தார். தாழப் பறக்கும்போது எரிபொருள் இரட்டிப்பாகக் கரையும்.

ஒரகடத்தில் அப்போது மழை விட்டிருந்தது. யாகப்பன் கிடங்கின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். எதிரே தேநீர்க் கடையில் இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் நின்றிருந்தார்கள். மேற்கேயிருந்து மேகத்துக்குக் கீழே விமானம் வந்தது. கம்பெனி விமானம் என்று எல்லோருக்கும் அடையாளம் தெரியும். ஒருவன் வழக்கம்போலக் கையாட்டினான்.

"டேய், இன்னாடா சத்தமே இல்லாம போவுது?" என்றான் இன்னொருவன்.

யாகப்பனுக்குப் புரிந்துவிட்டது. எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருடைய பழக்கம். 4 மணி 51 நிமிடம். ஓடுபாதைக்கு இன்னும் நாலரை நிமிடப் பறப்பு இருந்தது. அந்தத் தாழ்வில் அறுபத்தாறு பவுண்டு ஏழு நிமிடத்துக்குக் காணும். படப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு காலிமனையில் கேப்டன் இறக்கப் பார்த்தார். பெரும்பாலும் இறக்கியும்விட்டார். மனையின் சுற்றுச்சுவர்தான் குறுக்கே வந்தது. கேப்டன் சங்கரநாராயணன் அந்த இடத்திலேயே இறந்தார். நாற்பத்து நாலு வயது. லைன் நாற்பது நிமிடம் நின்றது. பிறகு வேறொரு கம்பெனியிடம் கடன் வாங்கிய உறுப்புகளை வைத்து ஓட்டிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு யாகப்பனும் கிளாராவும் பல்லாவரத்தில் கேப்டன் வீட்டுக்குப் போனார்கள். கேப்டனின் மனைவி சுகப்பிரியா ஒரு நாளிதழை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, பெட்டிக்கு ஆசப்பட்டு எண்ணெயக் கொறச்சிட்டாருன்னு போட்டிருக்காவ. நெசமா?"

"கொறைச்சாரும்மா. ஆனா அது நான் வச்ச பெட்டி. அதுல கொறைச்சாரு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெயில் கணக்கு, கூடுதல், ஒன்பது வருடம், சுற்றறிக்கை, மூன்று நிமிடம் நாற்பது விநாடி. சுகப்பிரியா நாளிதழைக் கீழே வைத்தார்.

"அப்ப அவரு அசட்டையா இருக்கல?"

"இல்லம்மா. அவர் கணக்கு சரி. என் கணக்குதான் மாறிப் போச்சு."

"போன்ல பேசினியளே, அண்ணாச்சி. அத்த கண்ணப் பத்தியெல்லாம் பேசியிருக்கிய." சுகப்பிரியாவின் குரல் உயரவில்லை. "கூட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

கிளாரா அவர் கையைப் பிடித்து எழுப்பினார். கதவருகில் வந்து சுகப்பிரியா சொன்னார்: "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு கவனமாத்தான் இருந்தாருன்னு விசாரணைக்காரவங்க கையால எழுதித் தரச் சொல்லுங்க. அவரு அம்மா ஒவ்வொரு நாளும் கேக்காவ, எம்மவன் என்ன தப்பு பண்ணினான்னு."

அதைச் செய்துவிடலாம் என்று யாகப்பன் நினைத்தார். ஆதாரம் அவர் கையில் இருந்தது. 1,146 வரிகள். விமானியும் திட்டக்காரரும் ஒரே கூடுதலை நம்பியிருந்தார்கள், அதைத் திட்டக்காரர் எடுத்துவிட்டு வாயால் சொல்லவில்லை என்பதை அந்த வரிகளைப் பார்க்கிற எவரும் அறியலாம். பதினோரு நோட்டுகளையும் வெள்ளைத் துணியில் சுற்றி, சணலால் கட்டி, அரக்கு முத்திரை வைத்தார். சக்திகுமார் கேள்விப்பட்டு மாடிக்கு வந்தார்.

"சார், இத குடுத்தீங்கன்னா உங்க ப்ளான் போடுற அப்ரூவல் போயிடும். இத்தனை வருஷம் தெரிஞ்சே தப்பான எண் குடுத்தேன்னு நீங்களே எழுதிக் குடுக்கிற மாதிரி."

"ஆமா சார். அப்படித்தான் எழுதிக்கீறேன்."

"என்னையும் கேப்பாங்க."

"கேக்கட்டும். நீங்க எண் சரியா இருக்கணும்னு கேட்டீங்க. அது தப்பு இல்ல. சொல்லாம வுட்டது நான்."

சக்திகுமார் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நான் படத்துல கோட்டைத்தான் பாத்தேன் சார்" என்றார். "கோட்டுக்குள்ள ஆள் இருக்கிறது தெரியல." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மூட்டையைத் தானே கீழே தூக்கிக்கொண்டு போனார்.

2024 செப்டம்பர் 5 அன்று மூட்டை விசாரணைக் குழுவிடம் போய்ச் சேர்ந்தது. நவம்பரில் யாகப்பனைக் கூப்பிட்டார்கள். காலை பத்தரைக்கு வரச் சொல்லி மூன்றேகாலுக்கு உள்ளே விட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார்.

"இந்த நோட்டுகளை யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானா எழுதினது."

"கம்பெனி முத்திரை உண்டா? யாராவது சரிபார்த்துக் கையெழுத்து போட்டிருக்காங்களா?"

"இல்ல சார். எண்ணு எல்லாம் சரியா இருக்கும். எந்த வரிய வேணா கேளுங்க."

"எண் சரியா இருக்கலாம். பதிவு இல்லையே அது. நீங்க திருத்தின அட்டவணை சரி. சுற்றறிக்கை அனுப்பியிருக்கீங்க. விமானி படித்ததா ஒப்புதல் இருக்கு. உங்க மேல ஒண்ணும் இல்லை. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"என் மேல இருக்குதுன்னு சொல்லத்தான் சார் வந்திருக்கேன்."

இடப்பக்கம் இருந்தவர் மெல்லச் சிரித்துவிட்டார். கேலியில்லை; அவருக்கு அப்படி ஒரு சாட்சி புதிது.

நோட்டு மூட்டை 2025 பிப்ரவரி 18 அன்று அஞ்சலில் திரும்பி வந்தது. யாகப்பன் போட்ட சணல் முடிச்சு, அவர் வைத்த அரக்கு, எல்லாம் அப்படியே இருந்தன. யாரும் பிரிக்கவில்லை. கிளாரா அதைப் பார்த்துவிட்டு, "பிரிச்சிக்கூடப் பாக்கலியா?" என்று கேட்டார். அதை அலமாரிக்கு மேலே தூக்கி வைக்கவும் யாகப்பனுக்குத் தெம்பில்லை. கூடத்தின் மூலையிலேயே கிடந்தது.

வேலையும் அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி வாடகைக்கு ஒரு விமானம் எடுத்தது. திட்டம் போட உட்கார்ந்தால் எண் எழுத வரவில்லை. கூட்டி வைத்தால் இன்னொருவன் கழிப்பான். சரியாக வைத்தால் நம்பமாட்டான். ஒவ்வொரு விமானியையும் நான்கு தடவை கூப்பிட்டு, இதில் கூடுதல் இல்லை, ஒன்றுமே இல்லை, கேட்டதா என்று கேட்டார். முதலில் பொறுத்தார்கள். பிறகு அவர் எண்ணைப் பார்த்தால் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் அந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்தார்கள். யாகப்பனுக்குக் கிடங்கில் பெட்டிகளின் வரவைக் குறிக்கும் வேலை தந்தார்கள். அதையும் பிழையில்லாமல் செய்தார்.

விசாரணை முடிவு ஜூன் 12 அன்று வந்தது. விபத்துக்குக் காரணம்: விமானி திட்டத்தில் குறித்த அளவைத் தன்னிச்சையாகக் குறைத்தது, திரும்ப வேண்டிய அளவைத் தாண்டியும் காத்திருந்தது. திட்டமிட்டவரைப் பற்றி ஒரு பத்தி தனியே இருந்தது. விபத்துக்கு முந்தைய வாரங்களில் அவருடைய கணிப்புகள் அரை சதவீதத்துக்குள் துல்லியமாக இருந்தன, இது பாராட்டத்தக்கது. நாற்பது வருடத்துக்கு மேல் எண்களோடு வாழ்ந்தவருக்கு எழுத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அவர் அந்தத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

மேல்முறையீடாக நான்கு கடிதங்கள் எழுதினார். முதலாவது ஆறு பக்கம். இரண்டாவதில் ஒன்பது வருடத்தின் மிச்சக் கணக்கை ஒரே அட்டவணையாகப் போட்டு வைத்தார். மூன்றாவதில் அட்டவணையை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினார். நான்காவது ஐந்தே வரி: கேப்டன் சங்கரநாராயணன் கவனமாக இருந்தார் என்று ஒரு வாக்கியம் சேர்த்துத் தர வேண்டும்; என் பெயரை எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

அதற்குள் சுகப்பிரியா பல்லாவரம் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார். மாதம் ஒரு தடவை யாகப்பன் கூப்பிடுவார். அக்டோபர் மாதம் கூப்பிட்டபோது சுகப்பிரியாதான் எடுத்தார். "அத்தை கேக்குறத நிப்பாட்டிட்டாவ, அண்ணாச்சி" என்றார். "பதில் கெடச்சிட்டுன்னு நெனச்சிக்கிட்டாவ போல. நீங்களும் விட்டிருங்க."

"இன்னும் ஒரு லெட்டரு வரணும்மா. அது வந்துடட்டும்."

அது வந்தது. அரைப் பக்கம். நான்கு கடிதங்களும் கிடைக்கப்பெற்றதாகவும், புதிய ஆதாரம் எதுவும் அவற்றில் இல்லை என்றும், முடிவு மாற்றப்படாது என்றும், இப்பொருள் குறித்து இனி வரும் கடிதங்களுக்குப் பதில் அளிக்கப்படாது என்றும் எழுதியிருந்தது. கேப்டனின் பெயர் அதில் எங்கும் இல்லை. கோப்பு எண் மட்டும் இருந்தது. கிளாரா படித்துக் காட்டச் சொன்னார். யாகப்பன் ஒரு தடவை படித்தார். சுகப்பிரியாவுக்குப் பிரதி அனுப்ப உறையில் முகவரி எழுதத் தொடங்கி, பெயரோடு நிறுத்திவிட்டார். கடிதத்தின் மேல் மூலையில், கிடைத்த நாளைத் தன் வழக்கப்படி சிறிய எழுத்தில் குறித்தார்: 2025 நவம்பர் 20, வியாழக்கிழமை.